கன்னிவாடியின் காட்டுப்பன்றிகள்: கம்பிக்கும் வெடிக்கும் மாற்று என்ன?

மக்காச்சோளக் கதிரில் பால் பிடித்துவிட்டால் கன்னிவாடி வட்டாரத்து விவசாயிகளுக்கு ராத்தூக்கம் போய்விடும். பழனி மலை அடிவாரத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியிலும், அதைச் சுற்றியுள்ள தருமத்துப்பட்டி, நீலமலைக்கோட்டை போன்ற ஊர்களிலும் தோட்டம் முடிகிற இடத்தில் கரடு தொடங்கும், கரடு முடிகிற இடத்தில் காடு தொடங்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் காட்டுப்பன்றிகள் இறங்குகின்றன. வெளுக்கும் முன்பே திரும்பிவிடுகின்றன.

விடிந்து போய்ப் பார்த்தால், தோட்டத்தின் ஒரு மூலையில் தட்டைகள் தாறுமாறாகச் சாய்ந்து கிடக்கும். கதிரின் உறை கிழிந்திருக்கும். நுனியில் நாலு வரிசை மணி மட்டும் கடிபட்டு, மிச்சம் அப்படியே மண்ணில் மிதிபட்டுக் கிடக்கும். சொட்டுநீர்க் குழாய் இரண்டு மூன்று இடங்களில் கடித்துத் துண்டாகியிருக்கும். தண்ணீர் கசிந்த இடத்தில் பன்றிகள் புரண்டு குழியாக்கியிருக்கும். குழியைச் சுற்றிப் பிளவுபட்ட குளம்புத் தடங்கள்: தாயினுடையது ஆழமாக, அதையொட்டிக் குட்டிகளுடையவை சிறியதாக, ஒன்றன்மேல் ஒன்றாக. நிலக்கடலை என்றால் இன்னும் மோசம். மூக்கால் உழுதுவிட்டுப் போயிருக்கும். தின்றதைவிடப் பாழாக்கியதுதான் எப்போதும் அதிகம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

தினைப்புனத்தில் பரண் போட்டுக் காவல் காத்த வள்ளியின் கதை, பழனி மலையைப் பார்த்து வாழ்கிறவர்களுக்குப் புராணம் மட்டுமல்ல. பரண் இன்றும் இருக்கிறது. டின் தட்டுகிறார்கள், பட்டாசு கொளுத்துகிறார்கள், நாய் கட்டுகிறார்கள், வீட்டிலிருக்கும் பழைய சேலைகளையெல்லாம் வரப்போரம் சுற்றிக் கட்டுகிறார்கள். சலூனிலிருந்து முடி அள்ளிவந்து தூவுகிறவர்களும் உண்டு. முதல் பத்து நாள் பலன் தெரியும். பிறகு பன்றி பழகிவிடும். பகலெல்லாம் பாடுபட்டவர் இரவிலும் விழித்திருக்க வேண்டுமென்றால் எத்தனை நாள் உடம்பு தாங்கும்? ஆள் வைத்துக் காவல் காக்க வசதியுள்ளவர் தப்பிக்கிறார். இரண்டு ஏக்கர்க்காரர் ஒரு போகத்தில் கடனாளியாகிறார்.

அந்த இடத்தில்தான் யாரும் வாய்விட்டுப் பேசாத வேறொரு வழி தொடங்குகிறது. மோட்டார் கொட்டகையிலிருந்து நேரடியாக மின்சாரம் இழுத்து வெற்றுக் கம்பியில் விடுவது. புதர்ப் பாதையில் சுருக்குக் கம்பி வைப்பது. பழத்துக்குள்ளோ மாவு உருண்டைக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் ‘அவுட்டுக்காய்’. கடித்ததும் வாய் சிதறும். தமிழ்நாட்டின் மலையடிவாரங்கள் எங்கும் இது நடக்கிறது. ஏறக்குறைய எல்லா ஊரிலும் அது எங்கே நடக்கிறது என்பது பலருக்குத் தெரிந்தும் இருக்கிறது.

இதில் செத்துப்போவது பன்றி மட்டுமல்ல. 2023 மார்ச் 7-ஆம் தேதி அதிகாலை தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில், காட்டுப்பன்றிக்காக ஒரு விவசாயி போட்டிருந்த திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்த காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெடி பொதிந்த காயைக் கடித்த கருவுற்ற யானை வாய் கிழிந்து, பசியோடு திரிந்து, ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே இறந்தது. அந்த வெடியும் காட்டுப்பன்றிக்கு வைத்ததுதான். மின்வேலியில் மனிதர்கள் சாவதோ மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தியாகக் கடந்துபோகிறது. அதிகாலை தண்ணீர் பாய்ச்சப் போனவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர், சில நேரம் வேலி போட்டவரே.

கன்னிவாடிக்கு மேலே ஆடலூரிலும் பன்றிமலையிலும் யானை நடமாட்டம் உண்டு. சிறுத்தை, கரடி, செந்நாய் எல்லாம் பழனி மலையில் வாழ்கின்றன. அதே மலைத்தொடரில்தான் 2013-ல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி சிறுத்தையையும் இறுக்கும். பன்றிக்கு வைத்த வெடியை யானைக் குட்டியும் எடுக்கும். அதனால் காட்டுப்பன்றியைக் கொல்லலாமா கூடாதா என்று நகரத்தில் நடக்கிற விவாதம் அடிவாரத்துக்கு வந்து சேரும்போது காலாவதியாகிவிடுகிறது. கொலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. மிகக் கொடூரமான முறையில், கணக்கில்லாமல், பொறுப்பேற்க ஆளில்லாமல் நடக்கிறது. இந்த இருட்டுக் கொலையை நிறுத்த வேண்டுமானால், பகலில், சட்டத்துக்குள், தெரிந்த ஆட்களின் கையால் கூண்டும் துப்பாக்கியும் முறையாகப் பயன்பட வேண்டும். இதைச் சொல்லத் தயங்குவதால் பன்றியும் பிழைக்கவில்லை, யானையும் பிழைக்கவில்லை, விவசாயியும் பிழைக்கவில்லை.

சட்டம் இதற்கு முழுக்கத் தடை போட்டிருக்கிறது என்றொரு நம்பிக்கை பரவலாக உண்டு. அது சரியல்ல. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணைக்கு வந்திருக்கிறது. இந்த அட்டவணையிலுள்ள விலங்கு மனித உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் கருதினால், காரணத்தை எழுத்தில் பதிந்து வேட்டைக்கு அனுமதி தரலாம். சட்டத்தின் 11-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. மாநிலமே எடுக்கக்கூடிய முடிவு அது. இன்னொரு வழி 62-ஆவது பிரிவு. குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கைத் ‘தீங்குயிரி’ என்று மத்திய அரசு அறிவித்துவிட்டால், அதற்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம்.

இந்த இரண்டாவது வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை பிகார் காட்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் அம்மாநிலத்தின் பல மாவட்டங்களில் நீலமான்களும் காட்டுப்பன்றிகளும் தீங்குயிரிகளாக அறிவிக்கப்பட்டன. 2016 ஜூனில் மொகாமா பகுதியில் வெளியூரிலிருந்து வரவழைத்த துப்பாக்கிக்காரர்கள் சில நாட்களில் 200-க்கும் மேற்பட்ட நீலமான்களைச் சுட்டுத் தள்ளினார்கள். மத்திய அமைச்சரவைக்குள்ளேயே மேனகா காந்தியும் பிரகாஷ் ஜாவடேகரும் பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். நாடே பேசியது. எட்டு ஆண்டுகள் கழித்து 2024-ல் அதே பிகார் அரசு, அதே விலங்குகளைச் சுட மறுபடியும் ஆள் அமர்த்துவதாக அறிவித்தது. ஒரே வாரத்தில் மொத்தமாகச் சுட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற நினைப்புக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

கேரளம் வேறு பாதையில் போனது. தீங்குயிரி அறிவிப்பு கேட்டு மத்திய அரசிடம் கிடைக்காமல் போகவே, 2022-ல் ஊராட்சித் தலைவர்களுக்குக் கௌரவ வன உயிரினக் காப்பாளர் அதிகாரத்தைக் கொடுத்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பட்டியலிட்டு, புகார் வந்தால் அவர்களை வைத்துச் சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் சுடத் தெரிந்தவர்கள் போதவில்லை. பல ஊராட்சிகளில் பட்டியல் இருக்கிறது, ஆள் இல்லை.

தமிழ்நாடு அரசின் முடிவு 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடியால் அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயிகளின் புகாரைக் கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர், ஊராட்சித் தலைவர் அடங்கிய குழு பார்த்து முடிவெடுக்கும். காடு பன்றியின் வீடு, ஊர் மனிதனின் வீடு, நடுவில் ஒரு பொது இடம் என்று பிரித்துப் பார்த்த அடிப்படை நியாயமானது. அதைக் குறை சொல்வதற்கில்லை.

குறை, அந்தக் கோடுகள் கன்னிவாடி போன்ற இடத்தில் எங்கே விழுகின்றன என்பதில்தான் இருக்கிறது. அடிவாரத்து ஊர்களில் பெரும்பாலான தோட்டங்கள் மலைக்கு நெருக்கத்திலேயே இருக்கின்றன. யாருக்கு இழப்பு மிக அதிகமோ அவருக்கு அனுமதி மிகக் குறைவு. முதல் கிலோமீட்டரில் இருப்பவருக்கு, இந்த முடிவை ஒட்டிய அரசாணையில் எதுவுமே இல்லை. திருட்டு மின்வேலி போடத் தூண்டுதல் அதிகமுள்ளவரும் அவர்தான். அவர் கம்பியில்தான் யானையும் முதலில் மோதும். அரசாணை அவரை விட்டுவிட்டால் எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டதோ அதையே விட்டுவிட்டதாகிறது.

இன்னொரு சிக்கல், நிர்வாகத்தைச் சார்ந்தது. திண்டுக்கல் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஊராட்சித் தலைவர் உட்கார வேண்டிய குழு அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில் அந்த நாற்காலி காலியானது. பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் அலுவலருக்கு, எந்த ஓடையில் எத்தனை பன்றி படுத்திருக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை. ஊர்க்காரருக்குத் தெரியும். அந்த அறிவைக் குழுவுக்குள் கொண்டுவரும் ஏற்பாடு வேண்டும். உழவர் குழுக்களிலிருந்தோ நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்திலிருந்தோ ஒருவரைச் சேர்ப்பதற்குப் பெரிய சட்டத் திருத்தம் ஒன்றும் தேவைப்படாது.

சுடுவது, பிடிப்பது என்ற இந்த இரண்டையும் நீண்ட காலமாகச் செய்துபார்த்த நாடுகள் உண்டு. அவற்றில் பிரிட்டனின் அனுபவம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. 1876-ல் செஷயரில் ஒரு செல்வந்தர் அழகுக்காக அமெரிக்கச் சாம்பல் அணில்களைக் கொண்டுவந்து தன் தோப்பில் விட்டார். பிறகு வேறு சிலரும் விட்டார்கள். அவை பெருகி, உள்ளூர்ச் செவ்வணிலை விரட்டின. தங்களைக் கொல்லாத ஓர் அம்மை நோயைச் செவ்வணிலுக்குப் பரப்பின. வளரும் மரங்களின் பட்டையை உரித்துப் போட்டன. 1953-ல் பிரிட்டன் அரசு, கொன்ற அணிலின் வாலைக் கொண்டுவந்தால் ஒரு ஷில்லிங் தருவதாக அறிவித்தது. பிறகு இரண்டு ஷில்லிங் ஆக்கியது. வால்கள் மலைபோல் குவிந்தன. அணில் குறையவில்லை. அணில் அதிகமாகவும் சுடுவது எளிதாகவும் இருந்த இடங்களில் மக்கள் சுட்டார்கள். காலியான இடத்தைப் பக்கத்துத் தோப்பு அணில்கள் நிரப்பின. 1958-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதே நாட்டில், வேல்ஸ் கரையை ஒட்டிய ஆங்கிள்சி தீவில் 1998-ல் இன்னொரு முயற்சி தொடங்கியது. அங்கே செவ்வணில்கள் நாற்பதுகூடத் தேறாத நிலை. பரிசும் இல்லை, கூச்சலும் இல்லை. தோப்புத் தோப்பாகக் கூண்டு வைத்து, ஒரு பகுதியை முழுக்க முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போனார்கள். 15 ஆண்டு விடாமல் செய்தார்கள். 2013 வாக்கில் தீவில் சாம்பல் அணிலே இல்லை என்ற நிலை வந்தது. செவ்வணில்கள் சில நூறாகப் பெருகின. பாலம் வழியாக மறுபடி வந்துவிடாமல் இருக்கக் கரைப்பக்கமும் கண்காணிப்பு தொடர்ந்தது.

பன்றி விஷயத்தில் இதே பாடத்தை அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் படித்தது. அங்கே ஊரை நாசமாக்கிய பன்றிகளை வேட்டைக்காரர்களே ஒழித்துவிடுவார்கள் என்று முதலில் நம்பினார்கள். ஒரு கூட்டத்தில் இரண்டைச் சுட்டால் மீதி சிதறி ஓடிப் புதிய இடங்களில் குடியேறின. 2016-ல் மாநிலத்தின் வனப் பாதுகாப்புத் துறை தன் நிலங்களில் பன்றி வேட்டையைத் தடைசெய்துவிட்டு, கூட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் கூண்டில் பிடிக்கும் முறைக்கு மாறியது.

ஏன் முழுக் கூட்டம்? காட்டுப்பன்றியின் சினைக்காலம் நாலு மாதத்துக்குள். ஓர் ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி சாதாரணம். தீனி நன்றாகக் கிடைத்தால் பெண் பன்றி ஒரு வயதுக்குள்ளாகவே சினைக்கு வந்துவிடும். கூட்டத்தில் பாதியைக் கொன்றாலும் மீதிப் பாதிக்குத் தீனி கூடுதலாகக் கிடைத்து, ஓரிரு ஆண்டில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். கூட்டத்தை நடத்திச் செல்லும் முதிய தாய்ப்பன்றி மட்டும் சுடப்பட்டால் கூட்டம் உடைந்து பல தோட்டங்களுக்குப் பிரிந்துபோகும். எப்போதாவது ஒரு நாள் ஜீப்பில் வந்து இரண்டு குண்டு போட்டுவிட்டுப் போவதால் செய்தி வருமே தவிர பயிர் தப்பாது.

கூண்டு வேலை பொறுமை கேட்பது. பன்றி வரும் தடத்தை ஒட்டி, ஆள் உயரக் கம்பி வலையால் வட்டமாக ஒரு பட்டி. ஒரே ஒரு கதவு, மேலிருந்து விழுகிற மாதிரி. முதல் நாட்களில் கதவைத் திறந்தே வைத்து, அழுகிய வாழைப்பழமோ ஊறவைத்த மக்காச்சோளமோ உள்ளே போட வேண்டும். முதலில் குட்டிகள் நுழையும். பெரிய பன்றி வெளியிலேயே நின்று மோப்பம் பிடிக்கும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து அதுவும் உள்ளே போகும். கேமரா வைத்துத் தலை எண்ணி, கடைசிப் பன்றியும் நுழைந்த இரவில்தான் கதவை விட வேண்டும். அவசரப்பட்டு நாலைந்தை மட்டும் பிடித்தால், தப்பியது ஒவ்வொன்றும் இனிக் கூண்டுப் பக்கம் வராது. இந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற நாலு பேரும் இரண்டு கூண்டும் இருந்தால் போதும், ஒரு வனச்சரகத்தில் ஒரு பருவத்தைப் பயனுள்ளதாக்கலாம். வேட்டைத் தடுப்புக் காவலர்களாக மலைவாழ் இளைஞர்கள் ஏற்கெனவே வனத்துறையில் வேலை பார்க்கிறார்கள். தடம் பார்க்க அவர்களைவிடத் தேர்ந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

பிடித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு அரசாணை சொல்லும் பதில், காட்டுக்குள் விடுவது. கேட்க இதமாக இருக்கிறது. நடைமுறையில் இரண்டு ஆபத்து. அடிவாரத்தில் பிடித்து மலையில் விட்டால் அது ஆடலூரிலோ பன்றிமலையிலோ மலைவாழைத் தோட்டத்தில்தான் இறங்கும். தருமத்துப்பட்டிக்காரரின் இழப்பை மேலே இருக்கும் மலைக்காரரின் தலையில் கட்டுவதாக அது முடியும். இரண்டாவது, நோய். 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இருந்தது உறுதியானது. மனிதரைத் தாக்காத, ஆனால் பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வைரஸ் அது. ஊரோரக் குப்பையிலும் கோழிக்கழிவிலும் மேய்ந்த பன்றியைச் சோதனையில்லாமல் சரணாலயத்துக்குள் கொண்டுபோய் விடுவது, புலிக்கும் செந்நாய்க்கும் இரையாகும் காட்டுப் பன்றிக் கூட்டத்துக்கே கொள்ளி வைப்பதாகும். ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த கூட்டத்தைப் பிடித்தால், கால்நடை மருத்துவர் முன்னிலையில் துன்பமின்றிக் கொன்று ஆழப் புதைப்பதே நேர்மையான வழி. சொல்லக் கசப்பாக இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இறைச்சி யார் கைக்கும் போகக் கூடாது. போனால் அடுத்த மாதமே பயிர்ச்சேதம் என்ற பெயரில் இறைச்சிக்கான வேட்டை தொடங்கிவிடும்.

பிரிட்டன் அணிலையும் நம் பன்றியையும் ஒரே தட்டில் வைக்க முடியாத இடமும் உண்டு. சாம்பல் அணில் அங்கே வந்தேறி. அதை ஒரு தீவிலிருந்து முழுக்க நீக்கியதில் இயற்கைக்கு லாபம். காட்டுப்பன்றி நம் காட்டின் பூர்வகுடி. மண்ணைக் கிளறிப் போடும், விதைகளைப் பரப்பும், பெரிய வேட்டை விலங்குகளின் வயிற்றை நிரப்பும். காட்டுக்குள் இருக்கும் பன்றியைத் தொட யாருக்கும் உரிமை கொடுக்கக் கூடாது. காட்டுக்குள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வேலையை வேட்டை விலங்குகளே செய்யும் என்பதற்கு ஐரோப்பாவின் அணில் கதையிலேயே ஆதாரம் இருக்கிறது. அயர்லாந்தின் நடுப்பகுதியில் பைன் மார்ட்டென் என்ற மரநாய் வகை மீண்டும் பெருகியபோது, எந்தத் துப்பாக்கியும் இல்லாமலே சாம்பல் அணில்கள் சரிந்தன, செவ்வணில்கள் திரும்பின. பழனி மலையில் செந்நாயும் சிறுத்தையும் நன்றாக இருந்தால் காட்டெல்லைப் பன்றிகளை அவை கட்டுக்குள் வைக்கும். சுருக்குக் கம்பி வைப்பவர் தன் கூலியில்லாக் காவல்காரனையே கொல்கிறார்.

காட்டெல்லையைத் தாண்டிச் சமவெளியில் பன்றி பெருகியதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஓடைகளிலும் கண்மாய்களிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் பகல் முழுக்கப் பன்றி படுத்திருக்க நிழலும் மறைவும் தருகிறது. காட்டுக்கே போகாமல் தலைமுறை தலைமுறையாக அங்கேயே ஈனும் கூட்டங்கள் உண்டு. இவற்றைத் துப்பாக்கியால் மட்டும் துரத்த முடியாது. புதர் இருக்கும்வரை பன்றி இருக்கும். ஊரக வேலை உறுதித் திட்டத்திலும் நீர்நிலைத் தூர்வாரும் திட்டங்களிலும் பன்றித் தொல்லையுள்ள ஓடைகளுக்கு முன்னுரிமை கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் கிலோமீட்டர்க்காரருக்கு வேலிதான் வழி. மாரண்டஹள்ளிச் சம்பவத்துக்குப் பிறகு 2023-ல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்து முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. முறையான சோலார் வேலி, நொடிக்கு ஒரு தடவை, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பங்கு மட்டும் மின்துடிப்பை அனுப்பும். அடிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே விட்ட கம்பி தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். பன்றிக்கு வேலி என்றால் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். களை தொட்டால் மின்சாரம் கசிந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை அடியில் சுத்தம் செய்ய வேண்டும். மானியத்தில் வேலி போட்ட பலருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வேலி செத்துக் கிடக்கிறது, பன்றி உள்ளே போகிறது, வேலி பயனில்லை என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது.

தனித்தனித் தோட்டத்துக்கு வேலி என்ற முறையிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. வேலி போட்டவர் தோட்டத்தில் நுழைய முடியாத பன்றி, போடாதவர் தோட்டத்துக்குப் போகும். போடாதவர் பெரும்பாலும் ஏழை. அவர்தான் நாளைக்குத் திருட்டு மின்சாரத்துக்குக் கொக்கி போடுவார். கன்னிவாடி மலையடிவாரம் நெடுகப் பொது வேலி, அதைப் பராமரிக்க ஊருக்கு இரண்டு பேருக்குச் சம்பளம் என்று திட்டமிட்டால் செலவு குறையும், சண்டையும் குறையும்.

இந்தக் கட்டுரையின் கருத்தை ஏற்காதவர்கள் இரு பக்கமும் இருப்பார்கள். எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பவர்களின் இரக்கம் மதிக்கத்தக்கது. அவர்கள் ஒருநாள் அவுட்டுக்காய் கடித்த பன்றி எத்தனை நாள் கழித்துச் சாகிறது என்று வனக் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். முறையான கட்டுப்பாடு இல்லாத இடத்தில் கருணை நிலவுவதில்லை, வெடிதான் நிலவுகிறது. இன்னொரு பக்கம், துப்பாக்கியை எங்கள் கையில் கொடுங்கள் என்று கேட்கும் விவசாயிகளின் கோபம் நியாயமானது. கோரிக்கை ஆபத்தானது. இரவில், மக்காச்சோளத் தட்டைக்குள் அசைவது பன்றியா, காவலுக்கு வந்த பங்காளியா என்று டார்ச் வெளிச்சத்தில் தெரியாது. நாட்டுத் துப்பாக்கிகள் இந்த மலையோரங்களில் ஏற்கெனவே போதுமான அளவு பிடிபடுகின்றன.

தவிர, பன்றிக்கு ஒரு வாசல் திறந்தால் அடுத்தடுத்து மயில், காட்டுமாடு, மலை அணில் என்று கேட்பார்கள். கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பழனி மலைச் சரிவில் வாழும் சாம்பல் நிற மலை அணில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் மிஞ்சியிருக்கும் உயிர். அதைக் காப்பதற்கென்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-ல் சரணாலயம் அமைக்கப்பட்டது. நாலு இளநீரைக் குடைந்துவிட்டது என்பதற்காக அதன்மேல் கவண் கல்கூடப் படக் கூடாது. இளநீர்ச் சேதத்துக்கு இழப்பீடு தரலாம், தேங்காய்க்கு விலை உண்டு, அந்த அணிலுக்கு மாற்று கிடையாது. காட்டுப்பன்றிக்குச் சொல்லும் நியாயம் காட்டுப்பன்றிக்கு மட்டுமே பொருந்தும். வேகமாகப் பெருகும், ஊருக்குள்ளேயே குடியேறிவிட்ட, எண்ணிக்கையில் அழிவு அபாயம் இல்லாத விலங்குக்கு மட்டும். அரசு எழுதும் ஒவ்வோர் ஆணையிலும் இந்த எல்லை அழுத்தமாக இருக்க வேண்டும்.

இழப்பீடும் இதோடு சேர்ந்தது. பயிர் போனவர் மனு எழுதி, சிட்டா அடங்கல் எடுத்து, புகைப்படம் ஒட்டி, ரேஞ்சர் அலுவலகத்துக்கும் வேளாண்மை அலுவலகத்துக்கும் நடந்து, பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த போகம் முளைத்துவிடுகிறது. பலர் மனுவே கொடுப்பதில்லை. மனு வராததால் சேதம் குறைவு என்று கோப்பில் பதிவாகிறது. சேதம் குறைவு என்று பதிவானதால் கூண்டும் வருவதில்லை, ஆளும் வருவதில்லை. கைப்பேசியில் இடத்தோடு படம் எடுத்து அனுப்பினால் மறுநாளே வனக் காவலர் வந்து பார்த்துப் பதியும் ஏற்பாடு ஒன்று போதும், இந்த வட்டம் அறுபடும். எந்தத் தடத்தில் எத்தனை பன்றி வருகிறது என்ற கணக்கும் அதிலிருந்தே கிடைக்கும்.

வரும் ஆடிப்பட்டத்துக்கு முன் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் கன்னிவாடி வனச்சரகத்தில் இதைச் செய்து காட்டலாம். அடிவார ஊர்களின் வரைபடத்தில் மூன்று மண்டலங்களையும் குறித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். ஊர்க்காரர்களைச் சேர்த்துக் குழுவை உயிர்ப்பிக்கட்டும். இரண்டு பட்டிக் கூண்டும் பயிற்சி பெற்ற ஓர் அணியும் கொடுக்கட்டும். பிடித்தவை எத்தனை, கொன்றவை எத்தனை, புதைத்த இடம் எது என்பதை மாதாமாதம் வெளியிடட்டும். அதோடு, திருட்டு மின்வேலி போட்டவர் தாமாக வந்து சொன்னால் வழக்கில்லாமல் சோலார் வேலிக்கு மாற்றித் தர ஒரு மாத அவகாசமும் அறிவிக்கட்டும். அந்த ஒரு மாதம் முடிந்த பிறகும் கொக்கி போடுகிறவர் மேல் கடுமையான நடவடிக்கை எடுத்தால், ஊரே அதை ஆதரிக்கும்.